ஒரே கடல், நாலு கோர்ட்!

செயினைப் பறிகொடுத்துவிட்டுப் பதறியடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடும் பெண்மணியிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, செயின் எத்தனை பவுன் என்பது அல்ல. "ஏம்மா, பாலத்துக்கு இந்தப் பக்கம் அறுத்தானா, அந்தப் பக்கம் அறுத்தானா?" என்பதுதான். இந்தப் பக்கம் என்றால் இந்த ஸ்டேஷன் லிமிட். அந்தப் பக்கம் என்றால் அடுத்த ஸ்டேஷன். நடுப்பாலத்தில் அறுத்திருந்தால் அந்த அம்மாள் பாடு திண்டாட்டம்தான்.

நாடுகளுக்கு இடையே வழக்கு வரும்போதும் இந்த 'லிமிட்' பிரச்னை வரும். ஆனால் தலைகீழாக வரும். அங்கே "எங்க லிமிட் இல்லை" என்று யாரும் கைகழுவுவதில்லை. இரண்டு மூன்று கோர்ட்டுகள் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அயர்லாந்து நாட்டுக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருப்பது ஐரிஷ் கடல். இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியா கரையோரம், செல்லாஃபீல்ட் என்று ஓர் ஊர். பிரிட்டனின் அணுசக்தி வரலாறு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பழைய பெயர் விண்ட்ஸ்கேல். 1957 அக்டோபரில் அங்கே இருந்த அணு உலை தீப்பிடித்தது. கதிரியக்கம் மேய்ச்சல் நிலங்களில் படிந்துவிட்டதால், சுற்றுவட்டாரத்தில் கறந்த பாலை எல்லாம் வாரக்கணக்கில் கீழே கொட்டினார்கள். 1981-ல் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றியதால் எதிர்க்கரையில் இருந்தவர்களின் பயம் போய்விடவில்லை.

எதிர்க்கரை என்றால் சுமார் 180 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் போகிற தூரம்தான். அயர்லாந்தில் ஒரு அணு மின் நிலையம்கூடக் கிடையாது. வேண்டாம் என்று முடிவெடுத்த நாடு அது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் ஆலையின் கழிவு, குழாய் வழியாக இருவருக்கும் பொதுவான கடலில்தான் இறங்கியது. 1990-களில் ஐரிஷ் கடலில் பிடித்த சிங்கி இறால்களில் டெக்னீஷியம்-99 என்ற கதிரியக்கப் பொருள் கூடுதலாகத் தென்பட ஆரம்பித்தது. அது வந்த இடம் செல்லாஃபீல்ட். கடல் நீரோட்டத்தோடு அது வடக்கே போனதால் நார்வேக்காரர்களும் கொதித்தார்கள். அயர்லாந்தின் கிழக்குக் கரையில் லவுத் மாவட்டத்தைச் சேர்ந்த நாலு பேர், சொந்த நாட்டுக் கோர்ட்டிலேயே ஆலை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் செல்லாஃபீல்டில் 'மாக்ஸ்' ஆலை என்று புதிதாக ஒன்று முளைத்தது. பயன்படுத்தித் தீர்ந்த அணு எரிபொருளிலிருந்து பிரித்தெடுத்த புளூட்டோனியத்தை யுரேனியத்தோடு கலந்து, மறுபடியும் எரிபொருள் வில்லைகளாக்கி விற்பதுதான் அதன் வேலை. பழைய சாதத்தில் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து மறுநாள் வடாம் போடுகிற மாதிரி சிக்கன யோசனை. வாடிக்கையாளராக முக்கியமாக நம்பியிருந்தது ஜப்பானை. ஆண்டுக்கு 120 டன் எரிபொருள் செய்யும் திறனோடு ஆலையைத் திட்டமிட்டார்கள்.

கட்டி முடித்தும் ஆலையை உடனே ஓட்ட முடியவில்லை. இதற்கு நடுவே 1999-ல் ஒரு மானக்கேடு நடந்தது. அதே வளாகத்தில் இருந்த சிறிய மாதிரி ஆலையில், வில்லைகளின் அளவைச் சரிபார்த்த பதிவேட்டில் ஊழியர்கள் பொய்க் கணக்கு எழுதியிருந்தது வெளியே வந்தது. சரக்கு அதற்குள் கப்பலேறி ஜப்பான் போய்ச் சேர்ந்திருந்தது. "இது வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள்" என்றது ஜப்பான். 2002-ல் அதே வில்லைகள் உலகைச் சுற்றிக்கொண்டு ஐரிஷ் கடல் வழியாகவே திரும்பி வந்தபோது, படகுகளில் எதிர்ப்பாளர்கள் திரண்டு நின்று 'வரவேற்றார்கள்'.

2001 அக்டோபர் 3-ம் தேதி, ஆலையை ஓட்டலாம் என்று பிரிட்டிஷ் அரசு பச்சைக்கொடி காட்டியது. தேதியைக் கவனிக்க வேண்டும். நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் விமானங்கள் மோதி மூன்று வாரம்தான் ஆகியிருக்க, உலகம் முழுக்க ஜனங்கள் வானத்தில் விமானச் சத்தம் கேட்டாலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'அந்த விமானம் செல்லாஃபீல்டில் விழுந்தால்?' என்று அயர்லாந்தில் கேட்காத வீடில்லை. அடுத்த ஆண்டு அரசே நாட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அயோடின் மாத்திரைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. விபத்து நடந்தால் சாப்பிட வேண்டிய மாத்திரை. சமையலறை அலமாரியில் மஞ்சள் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் அணு விபத்து மாத்திரையும் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? அதே 2002-ல் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேருக்கு எதிர்ப்பு அஞ்சலட்டை அனுப்பும் இயக்கம் நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் போயின. மொத்த ஜனத்தொகையே நாற்பது லட்சத்தைச் சுற்றி இருந்த நாடு அது.

அரசு கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் என்றால் எந்தக் கோர்ட்? கதை இங்கேதான் சிக்கலாகிறது.

நம் நாட்டில் முன்சீஃப் கோர்ட், மாவட்ட கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று படிக்கட்டு இருக்கிறது. கீழே தப்பாகப் போனால் மேலே திருத்துவார்கள். இரண்டு ஹைகோர்ட் இரண்டு விதமாகச் சொன்னால் சுப்ரீம் கோர்ட் ஒன்றாக்கும். உலக அளவில் அப்படிப் படிக்கட்டே கிடையாது. ஒவ்வொரு கோர்ட்டும் ஏதோ ஓர் ஒப்பந்தத்தில் பிறந்தது. தன்னைப் பெற்ற ஒப்பந்தத்துக்குத்தான் அது பதில் சொல்லும். ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கடல் சட்டத் தீர்ப்பாயம், ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் வழக்கு மன்றம், லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் என்று தனித்தனிக் கட்டடங்கள், தனித்தனிச் சட்டப் புத்தகங்கள். யாருக்கும் யாரும் மேலே இல்லை, கீழேயும் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்தப் பெருக்கம் ஆபத்தானது என்று சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராக இருந்த ஜில்பெர் கியோம் 2000-ம் ஆண்டிலேயே ஐ.நா. பொதுச் சபையில் எச்சரித்தார். தோதான கடையாகப் பார்த்துச் சரக்கு வாங்குவது போல, தோதான கோர்ட்டாகப் பார்த்து நாடுகள் போகத் தொடங்கும் என்பது அவரது கவலை.

ஒரு தகராறு ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்கிவிட்டால் பிரச்னை இல்லை. மாக்ஸ் ஆலை அடங்கவில்லை. கடல் அசுத்தமாகிறது என்று பார்த்தால் ஐ.நா.வின் கடல் சட்ட ஒப்பந்தம். வடகிழக்கு அட்லாண்டிக் பகுதிக் கடலைக் காப்பது என்று பார்த்தால் ஆஸ்பார் என்ற தனி ஒப்பந்தம். வழக்காடும் இருவருமே ஐரோப்பிய சமூகத்தின் உறுப்பினர்கள் என்று பார்த்தால் அதன் சுற்றுச்சூழல் சட்டம். அணு சம்பந்தப்பட்டது என்று பார்த்தால் யூராட்டம் ஒப்பந்தம். ஆலை ஒன்றுதான். அதைப் பார்க்கும் ஜன்னல்தான் நாலு.

அயர்லாந்து முதலில் தட்டியது ஆஸ்பார் கதவை. அது சின்னக் கோரிக்கைதான். ஆலையால் வரும் தீமையைவிட நன்மை அதிகம் என்று காட்டினால்தான் அனுமதி தர முடியும் என்பது விதி. அதற்காக பிரிட்டன் ஆலோசனை நிறுவனங்களிடம் அறிக்கை வாங்கியிருந்தது. மக்களுக்கு வெளியிட்டபோது வியாபார ரகசியம் என்று சொல்லிப் பல எண்களை மறைத்துவிட்டார்கள். எத்தனை விற்கும், என்ன விலை, எத்தனை கப்பல் போகும் என்பதெல்லாம் வெட்டப்பட்டிருந்தன. ஆலையைக் கட்டச் செலவான பெரும்பணத்தையும் 'அதுதான் ஏற்கனவே செலவாகிவிட்டதே' என்று கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாணச் செலவில் மண்டபத்தையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, தாம்பூலப் பை மட்டும்தான் செலவு என்று சொன்ன மாதிரி. முழு அறிக்கையைக் காட்டு என்று அயர்லாந்து 2001 ஜூனில் ஆஸ்பார் ஒப்பந்தத்தின் கீழ் நடுவர் மன்றம் கேட்டது.

பச்சைக்கொடி காட்டப்பட்டதும் இரண்டாவது கதவு. 2001 அக்டோபர் 25-ம் தேதி கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஐந்து பேர் கொண்ட இன்னொரு நடுவர் மன்றத்தைக் கேட்டது அயர்லாந்து. நடுவர்களைத் தேடி நியமிக்க மாதக்கணக்காகும். ஆலையோ டிசம்பர் 20 வாக்கில் ஓடத் தொடங்கப் போகிறது. இந்த மாதிரி அவசரத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடுவர் மன்றம் கூடும் வரை ஹாம்பர்க் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவு போடலாம். நவம்பர் 9-ம் தேதி ஹாம்பர்க்கில் ஸ்டே கேட்டு மனுப் போட்டார்கள். அதுதான் மூன்றாவது கதவு.

பிரிட்டன் வக்கீல்கள் ஹாம்பர்க்கில் எழுப்பிய முதல் வாதமே 'லிமிட்' வாதம்தான். "இந்த வழக்கின் சாரம் ஐரோப்பியச் சட்டமும் ஆஸ்பாரும். அதற்கெல்லாம் தனி மன்றங்கள் இருக்கின்றன. வேறு ஒப்பந்தத்தில் கட்டாயத் தீர்வு வழி இருந்தால் அங்கேதான் போக வேண்டும் என்று கடல் சட்ட ஒப்பந்தத்தின் 282-வது பிரிவே சொல்கிறது. எனவே இங்கே வேலை இல்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீர்ப்பாயம் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று ஒப்பந்தங்களில் ஒரே மாதிரி உரிமை எழுதியிருந்தாலும் மூன்றும் தனித்தனி உரிமைகள்தான், ஒரே வார்த்தைகூட வேறு வேறு ஒப்பந்தத்தில் வேறு வேறு பொருள் தரலாம் என்றது.

அதாவது கதவு திறந்தது. உள்ளே போனதும் கேட்டது கிடைத்ததா என்றால், இல்லை. 2001 டிசம்பர் 3-ம் தேதி வந்த உத்தரவில், ஆலையை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அவசரம் தெரியவில்லை என்று ஸ்டேயை மறுத்துவிட்டார்கள். இரண்டு நாடுகளும் உட்கார்ந்து பேசுங்கள், தகவலைப் பகிர்ந்துகொள்ளுங்கள், ஆபத்தைச் சேர்ந்து கண்காணியுங்கள் என்று மட்டும் உத்தரவு. இந்தப் பேச்சுவார்த்தை உத்தரவை ஒப்புக்குச் சொன்னது என்று சிலர் அப்போது கேலி செய்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் அயர்லாந்துக்குக் கையில் ஏதாவது மிஞ்சியது என்றால் அது இதில்தான் மிஞ்சியது.

2003 ஜூனில் ஹேக் நகரின் அமைதி மாளிகையில் ஐவர் மன்றம் கூடியது. கானா நாட்டுச் சட்ட நிபுணர் தாமஸ் மென்சா தலைமை. இரண்டு பக்கமும் பெரிய பெரிய வக்கீல்கள், மூட்டை மூட்டையாகக் காகிதம். விசாரணை தொடங்கிய சில நாட்களிலேயே நடுவர்களுக்கு ஒரு சந்தேகம். இந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய விஷயங்கள் கலந்திருக்கின்றன போலிருக்கிறதே? நாம் ஒன்று சொல்லி, நாளை லக்ஸம்பர்க்கில் வேறொன்று சொன்னால் யார் சொன்னதைக் கேட்பது? ஜூன் 24-ம் தேதி வழக்கை நிறுத்தி வைத்தார்கள். நீதி மன்றங்கள் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுக்க வேண்டும், முரண்பட்ட இரண்டு தீர்ப்புகளால் யாருக்கும் பயனில்லை என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சுருக்கம்.

இங்கே நடுவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய மனுஷத்தனமான முடிவுதான். ஆனால் அந்த மரியாதைக்கு விலை கொடுத்தது கடல். வழக்கு நிற்கலாம், ஆலை நிற்கவில்லையே!

அடுத்த வாரமே, ஜூலை 2-ம் தேதி, ஆஸ்பார் நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வந்தது. பிரிட்டன் அங்கேயும் 'இது ஐரோப்பியச் சட்டத்தின் வேலை' என்ற பாட்டைப் பாடித்தான் பார்த்தது. மூவர் மன்றம் அதை ஏற்கவில்லை. எங்கள் ஒப்பந்தம் தனி, நாங்கள் விசாரிப்போம் என்றார்கள். விசாரித்து, வெட்டப்பட்ட எண்கள் எல்லாம் கடலின் நிலை பற்றிய தகவல் அல்ல, வியாபாரத் தகவல், ஆகவே தர வேண்டியதில்லை என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அயர்லாந்தைத் தோற்கடித்தார்கள். ஒரே மாதத்தில், ஒரே ஆலை பற்றி, ஒரே 'லிமிட்' வாதத்தை வைத்து ஒரு மன்றம் நின்றது, இன்னொரு மன்றம் நடந்தது.

இனிமேல்தான் உண்மையான திருப்பம்.

ஐரோப்பிய சமூகம் என்பது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் மாதிரி. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் வீட்டுப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துக்கு இழுக்கக்கூடாது. இது அவர்களது ஒப்பந்தத்தின் 292-வது பிரிவிலேயே எழுதியிருந்தது. கடல் சட்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாட்டோடும் சேர்ந்து ஐரோப்பிய சமூகமும் தனியாகக் கையெழுத்திட்டிருந்தது. அதனால் அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது என்பது பிரஸ்ஸல்ஸில் இருந்த ஐரோப்பிய ஆணையத்தின் வாதம். 2003 அக்டோபர் 30-ம் தேதி ஆணையம் வழக்குப் போட்டது. ஆலையை ஓட்டிய பிரிட்டன் மீது இல்லை. வெளியே போய் முறையிட்ட அயர்லாந்து மீது!

லக்ஸம்பர்க்கில் ஆணையத்துக்குத் துணையாக பிரிட்டன் வந்து நின்றது. அயர்லாந்துக்குத் துணையாக ஸ்வீடன் மட்டும் வந்தது. 2006 மே 30-ம் தேதி பெரிய அமர்வு தீர்ப்புச் சொன்னது. வீட்டுச் சட்டத்தை வெளி மன்றத்தில் கொண்டுபோய்ப் பரப்பியதும், பெரியவரிடம் முதலில் கலந்து பேசாததும் அயர்லாந்தின் தப்பு. வழக்குச் செலவையும் அயர்லாந்தே கட்ட வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் இந்தத் தீர்ப்பை அசைக்க முடியாது. ஒரே சட்டத்துக்கு ஒவ்வொரு மன்றமும் ஒவ்வொரு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டுக்குடும்பமே நிற்காது. ஆனால் அயர்லாந்து ஏன் பெரியவரிடம் போகவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. இந்த ஆலையின் கழிவால் பக்கத்து நாடுகளுக்குக் கெடுதல் வராது என்று 1997-லேயே அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தது இதே ஐரோப்பிய ஆணையம்தான். யூராட்டம் ஒப்பந்தத்தின் நோக்கமே அணுசக்தித் தொழிலை வளர்ப்பது. 'ஆலை நல்லது' என்று ஏற்கனவே சொன்ன வீட்டில் போய் ஆலையைப் பற்றி அழுவதைவிட, கடலைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட சட்டத்திடம் போகலாம் என்று டப்ளின் நினைத்தது. சீக்கிரமாக இடைக்கால உத்தரவு வாங்க ஹாம்பர்க் வழியும் இருந்தது. அப்படி நினைத்ததைக் குறுக்குப் புத்தி என்று சொல்லிவிட முடியாது.

2007 பிப்ரவரியில் அயர்லாந்து ஐவர் மன்றத்திலிருந்து வழக்கை வாபஸ் வாங்கியது. 2008 ஜூனில் மன்றம் கோப்பை மூடியது. ஏழு வருஷம். நாலு மன்றங்கள். ஐரிஷ் கடலில் அந்த ஆலை அசுத்தம் சேர்க்கிறதா, அதை அனுமதிக்கும் முன் பிரிட்டன் சரியாக ஆய்வு செய்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கு எந்த மன்றமும் பதில் சொல்லவில்லை. பிரிட்டன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாக்ஸ் ஆலையிலிருந்து வெளியேறும் கதிரியக்கம் மிக மிகச் சொற்பம், செல்லாஃபீல்டின் பழைய பாவத்தை எல்லாம் இந்த ஆலையின் தலையில் கட்டக்கூடாது என்பது அவர்கள் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். அதையும் விசாரித்து எழுதி வைக்க ஒரு தீர்ப்பு வரவில்லையே.

ஹாம்பர்க்கின் பேச்சுவார்த்தை உத்தரவு மட்டும் ஓசையில்லாமல் வேலை செய்தது. தகவல் பரிமாற்றம், ஐரிஷ் அதிகாரிகள் செல்லாஃபீல்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று காலப்போக்கில் இரண்டு நாடுகளுக்கும் ஓரளவு இணக்கம் வந்தது.

இந்த மாதிரிக் குழப்பத்தை வேறு விதமாகச் சமாளித்தவர்களும் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கடலுக்கு வெளியே ஸ்பெயின் நாட்டுக் கப்பல்கள் வாள்மீன் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த மீன் ஓர் இடத்தில் நிற்காது. இன்று சிலியின் எல்லைக்குள், நாளை எல்லைக்கு வெளியே. வெளியே வளைத்துப் பிடித்தால் உள்ளே மீன் குறையும். கோபமடைந்த சிலி, அந்த மீனை எங்கள் துறைமுகத்தில் இறக்கக்கூடாது என்று தடுத்தது. 2000-ம் ஆண்டில் ஐரோப்பிய சமூகம், "சரக்குப் போக்குவரத்தைத் தடுக்கிறார்கள்" என்று உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. சிலியோ, "மீன் வளத்தை அழிக்கிறார்கள்" என்று ஹாம்பர்க் கடல் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஒரே மீன். ஜெனீவாவில் அது வியாபாரச் சரக்கு, ஹாம்பர்க்கில் அது உயிருள்ள ஜீவன். இரண்டு மன்றமும் தீர்ப்புச் சொல்லியிருந்தால் துறைமுகத்தைத் திற என்று ஒன்றும், மூடலாம் என்று மற்றொன்றும் சொல்லியிருக்கக்கூடும். இரண்டு தரப்பும் 2001 தொடக்கத்திலேயே விழித்துக்கொண்டன. இரண்டு வழக்கையும் உறைய வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். பேசி முடித்துக் கோப்புகளை மூட 2010 வரை ஆனது என்பது வேறு விஷயம்.

நம் பக்கத்து மீனவர்களுக்கும் இந்தச் சுழல் புதிதல்ல. 2012 பிப்ரவரி 15-ம் தேதி, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் செயின்ட் ஆண்டனி என்ற படகில் இருந்த இரண்டு மீனவர்கள், என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலி எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். கேரளக் கோர்ட், டெல்லி சுப்ரீம் கோர்ட் என்று நடந்துகொண்டிருந்த வழக்கை இத்தாலி 2015-ல் ஹாம்பர்க்குக்கும், அதோடு ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கும் கொண்டுபோனது. இரண்டு நாடுகளும் தங்கள் கோர்ட் நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஹாம்பர்க் 2015 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2020-ல் ஹேக் மன்றம், வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இரண்டு நாடுகளுக்குமே உண்டு, ஆனால் அந்த வீரர்கள் அரசு வேலையில் இருந்தவர்கள் என்பதால் இந்தியக் கோர்ட்டில் அவர்களை விசாரிக்க முடியாது, இந்தியாவுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. அந்த விலக்கு பற்றிய முடிவு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வந்தது. 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் கட்டப்பட்டு, சுப்ரீம் கோர்ட் வழக்கை முடித்தது. இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 4 கோடி, படகின் சொந்தக்காரருக்கு 2 கோடி. 'யார் விசாரிப்பது?' என்ற கேள்விக்கு எட்டு வருஷம் போனது. 'என்ன நடந்தது?' என்பதற்குச் சாட்சிக் கூண்டேறி எந்த இந்தியக் கோர்ட்டிலும் யாரும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

மாக்ஸ் ஆலைக்கு வருவோம். கோர்ட்டுகள் எல்லாம் ஒதுங்கிய பிறகு அது நிம்மதியாக ஓடியிருக்க வேண்டும் அல்லவா? ஓடவில்லை. இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்தன. ஆண்டுக்கு 120 டன் என்று கணக்குப் போட்ட ஆலை, ஏறக்குறைய பத்து வருஷத்தில் மொத்தமாகவே 13 டன்னைச் சற்றுத் தாண்டித்தான் செய்து முடித்தது. மறைக்கப்பட்ட அந்த அறிக்கையின் எண்களை அன்றைக்கே வெளியே வைத்துப் பேசியிருந்தால் பிரிட்டிஷ் வரி கட்டுபவர்களுக்காவது லாபமாக இருந்திருக்கும். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. நம்பியிருந்த வாடிக்கையாளரே அணு உலைகளை மூட ஆரம்பித்துவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், வாங்க ஆள் இல்லாததால், ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள்.

2020-ல் பிரிட்டன் அந்தக் கூட்டுக்குடும்பத்தை விட்டே பிரிந்து போய்விட்டது. யூராட்டத்திலிருந்தும் வெளியேறியது. இன்றைக்கு அதே மாதிரி ஓர் ஆலைத் தகராறு வந்தால், அன்றைக்கு அயர்லாந்து தட்டியதற்காகக் குட்டு வாங்கிய ஹாம்பர்க், ஹேக் கதவுகளைத் தாராளமாகத் தட்டலாம். வீட்டுப் பெரியவரின் கதவு இப்போது இல்லை.

தபாலில் வந்த அயோடின் மாத்திரைகள் காலாவதியாகிவிட்டன. செல்லாஃபீல்ட் வளாகத்தில் இருந்த கால்டர் ஹால் அணு உலைகள் 2003-லேயே நிறுத்தப்பட்டதால் அந்தப் பயத்துக்கு இப்போது காரணமில்லை என்று சொல்லி, ஐரிஷ் அரசு புது மாத்திரைகளை அனுப்பவில்லை.